எலக்ட்ரான், சார்ஜ், குவாண்டம்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வார இறுதிகளில் உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில்தான், ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் வீட்டு மொழியில்தான் கேட்கிறார்கள், பெற்றோரும் அப்படியே. எந்த வருஷம் எந்தப் பிள்ளைகள் வந்தாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்து, பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், தலைசுற்ற வைப்பவை கடைசியில்.

1. அண்ணா, சார்ஜ்னா உண்மையில என்ன? அது எதால ஆனது?

எதாலும் ஆனதில்லை. எலக்ட்ரானுக்குள் சார்ஜ் என்று ஒரு திரவத்தை ஊற்றி வைத்திருப்பதாகப் பலர் மனசுக்குள் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை இப்போதே அழித்துவிடுங்கள், பின்னால் குவாண்டம், அதாவது மிகச் சிறிய துகள்களின் இயற்பியல், வரும்போது பாதிக் குழப்பத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும். சார்ஜ், அதாவது மின்னூட்டம், நிறையைப் போலவே ஒரு பண்பு. ஒரு துகள் மற்றத் துகள்களோடு எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்வது, அவ்வளவுதான்.

நிறைக்கு ஒரே வகைதான் உண்டு, அது எப்போதும் ஈர்க்கும். மின்னூட்டத்துக்கு இரண்டு வகை, ஒரே வகை விலக்கும், வேறு வகை ஈர்க்கும், தூரம் இரட்டிப்பானால் விசை நான்கில் ஒன்றாகும். அதன் வலிமைதான் ஆச்சரியம்: இரண்டு புரோட்டான்களுக்கு இடையே உள்ள மின் விலக்கு, அவற்றின் ஈர்ப்பு விசையைவிட சுமார் 10³⁶ மடங்கு பெரியது.

2. எலக்ட்ரானுக்கு ஏன் மைனஸ்? பிளஸ்னு வச்சிருந்தா கணக்கு ஈசியா இருந்திருக்குமே!

இருந்திருக்கும். ஆனால் பிளஸ், மைனஸ் என்று பெயர் வைத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடித்தது 1897ல். அதற்குள் எல்லாப் புத்தகமும் பிராங்க்ளின் வழியில் எழுதியாகிவிட்டது. அதனால்தான் மின்னோட்டத்தின் திசை என்று நாம் வரையும் அம்பு, கம்பிக்குள் எலக்ட்ரான் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காட்டுகிறது. இயற்கைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

3. யூடியூப்ல பலூனைத் தேய்ச்சா தலைமுடி எழுந்து நிக்குது. எங்க வகுப்புல ஒண்ணுமே நடக்கல, ஏன்?

நம் ஊர்க் காற்று. சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பலூன், பிளாஸ்டிக் அளவுகோல், கம்பளித் துணி என்று எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒட்டியிருக்கும், தேய்த்துச் சேர்த்த மின்னூட்டம் அந்தப் படலம் வழியாகக் கசிந்து போய்விடும். ஏர்கான் நன்றாக ஓடி உலர்ந்த அறையில், பொருள்களை ஹேர் டிரையரால் கொஞ்சம் காயவைத்துவிட்டுச் செய்தால் பெரும்பாலும் வரும்.

இன்னொன்று, தேய்ப்பதால் மின்னூட்டம் உண்டாவதில்லை. எலக்ட்ரான்கள் ஒரு பரப்பிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறுகின்றன. பலூனில் 10 நானோகூலும் (கூலும் என்பது மின்னூட்டத்தின் அலகு, நானோ என்றால் அதில் நூறு கோடியில் ஒரு பங்கு) சேர்ந்தது என்றால் சுமார் 6,000 கோடி எலக்ட்ரான்கள் வந்து ஏறியிருக்கின்றன. கேட்கப் பெரிய எண், ஆனால் பலூனில் ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

4. சுவிட்ச் போட்ட உடனே லைட் எரியுதே, அப்ப எலக்ட்ரான் ஒளி வேகத்துலயா ஓடுது?

இல்லை, நத்தையைக் கூட முந்தாது. வீட்டில் 2,300 வாட் கெட்டில் ஒன்று 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம், சுவருக்குள் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. செம்பில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 8.5 × 10²⁸ கட்டற்ற எலக்ட்ரான்கள் உள்ளன. கணக்குப் போட்டால் அவை நகரும் வேகம் விநாடிக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் எஸ்கலேட்டரை இயக்கினால் கீழ்ப்படியும் மேல்படியும் ஒரே நேரத்தில் நகரத் தொடங்குமே, அதுபோல கம்பி முழுவதும் ஏற்கெனவே எலக்ட்ரான்கள் இருக்கின்றன. சுவிட்ச் போட்டதும் விரைந்து பரவுவது மின்புலம்தான்.

அதிலும் நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் என்பதால் எலக்ட்ரான்கள் எங்கும் போவதே இல்லை, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்னும் பின்னும் ஆடுகின்றன. வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு எம்ஆர்டி தடங்களின் மூன்றாவது தண்டவாளத்தில் ஓடுவது 750 வோல்ட் நேர்மின்னோட்டம், அங்கேதான் எலக்ட்ரான் உண்மையிலேயே ஒரு திசையில் ஊர்ந்து போகிறது.

இது சராசரி நகர்வு மட்டும். செம்புக்குள் எலக்ட்ரான்கள் கண்டபடி எல்லாத் திசையிலும் விநாடிக்கு 1,500 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அது வெப்பத்தால் வந்த வேகம் இல்லை, கம்பியை எவ்வளவு குளிர்வித்தாலும் போகாது. காரணம் 16இல் வருகிறது.

5. நம்ம உடம்பு முழுக்க எலக்ட்ரான்தானே, அப்புறம் ஏன் ஒருத்தரை ஒருத்தர் தொட்டா ஷாக் அடிக்கல?

ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் ஒரு புரோட்டான் இருப்பதால். 60 கிலோ எடையுள்ள ஒருவரிடம் சுமார் 2 × 10²⁸ எலக்ட்ரான்கள் உண்டு, மொத்த மைனஸ் 300 கோடி கூலும்புக்கும் மேல். ஒரு மின்னல் கொண்டுவருவது சில பத்து கூலும் மட்டுமே என்பதை நினைத்துப் பாருங்கள். அதே அளவு பிளஸ்ஸும் நம்மிடம் இருப்பதால் கூட்டினால் பூஜ்ஜியம்.

இந்தச் சமநிலை எவ்வளவு துல்லியமாக இருக்கவேண்டும் தெரியுமா? எலக்ட்ரானின் மின்னூட்டம் புரோட்டானுடையதைவிட நூறு கோடியில் ஒரு பங்கு மட்டும் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆளுக்கு 3 கூலும் மிச்சம் வரும், ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு பேர் பல பத்து லட்சம் டன் எடைக்குச் சமமான விசையோடு ஒருவரையொருவர் தள்ளுவார்கள். சோதனைகள் காட்டுவது, இரண்டின் அளவும் 10²¹இல் ஒரு பங்கு வரை வித்தியாசமில்லாமல் சமம் என்பது. ஏன் சமம் என்பதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

6. சார்ஜ் துண்டு துண்டாத்தான் வரும்னு எப்படித் தெரியும்? யாராவது ஒரு எலக்ட்ரானைத் தனியா பிடிச்சுப் பார்த்தாங்களா?

கிட்டத்தட்ட அப்படித்தான். 1909 முதல் சிகாகோவில் ராபர்ட் மில்லிக்கன், மாணவர் ஹார்வி ஃபிளெட்சரோடு சேர்ந்து, எண்ணெய்த் துளிகளை இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே மிதக்க விட்டார். கீழே இழுக்கும் ஈர்ப்பையும் மேலே இழுக்கும் மின்விசையையும் சமப்படுத்தினால் துளியின் மின்னூட்டம் தெரிந்துவிடும். எந்தத் துளியை எடுத்தாலும் ஒரே சிறிய அளவின் முழு மடங்காகத்தான் வந்தது, ஒன்றரை மடங்கு என்று வரவே இல்லை. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சற்றுத் தவறு, அதனால் விடையும் கொஞ்சம் குறைவாக வந்தது. 2019ல் அனைத்துலக அலகுமுறையைத் திருத்தியபோது இந்த அளவை 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று வரையறையாகவே நிறுத்திவிட்டார்கள்.

தேர்வில் இதை வைத்து ஒரு பொறி வைப்பார்கள். துளிகளின் மின்னூட்டம் 4.8, 8.0, 11.2 (எல்லாம் × 10⁻¹⁹ கூலும்) என்று கொடுத்து அடிப்படை அளவைக் கேட்பார்கள். பலர் அடுத்தடுத்த வித்தியாசத்தைப் பார்த்து 3.2 என்று எழுதிவிடுகிறார்கள். 4.8ஐ 3.2ஆல் வகுத்தால் முழு எண் வராது. மூன்றையும் மீதியின்றி வகுக்கும் பெரிய எண் 1.6.

7. அப்ப குவார்க்குக்கு மூணுல ஒரு பங்கு சார்ஜ்னு சொல்றாங்களே, மேல சொன்னது பொய்யா?

பொய் இல்லை. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருக்கும் துகள்கள்தான் குவார்க்குகள். மேல் குவார்க்குக்கு +2/3, கீழ்க் குவார்க்குக்கு −1/3. புரோட்டானில் இரண்டு மேல், ஒரு கீழ், கூட்டினால் +1. நியூட்ரானில் ஒரு மேல், இரண்டு கீழ், கூட்டினால் பூஜ்ஜியம். ஆனால் குவார்க்கைத் தனியாக வெளியே எடுக்க முடியாது. இழுக்க இழுக்க நீங்கள் செலவிடும் ஆற்றலே புதிய குவார்க் ஜோடியாக மாறி, மறுபடியும் முழு எண் மின்னூட்டமுள்ள துகள்கள்தான் வெளிவரும். எண்ணெய்த் துளியில் ஏறக்கூடியது முழுசு மட்டுமே.

8. நியூட்ரானுக்கு சார்ஜே இல்ல. அது எப்படி புரோட்டானா மாறுது? பிளஸ் எங்கிருந்து வந்துச்சு?

கூடவே ஒரு மைனஸும் வந்தது. பீட்டா சிதைவில் நியூட்ரான் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான், ஒரு எதிர்நியூட்ரினோ (மின்னூட்டமே இல்லாத மிகச் சிறு துகள்) என்று மாறுகிறது, முன்னும் பின்னும் கூட்டுத்தொகை பூஜ்ஜியம். எலக்ட்ரான் புதிதாகப் பிறக்கலாம், அழியலாம், மொத்த மின்னூட்டம் மட்டும் மாறாது.

9. சிவப்பு லைட்டை எவ்வளவு பிரைட்டா அடிச்சாலும் எலக்ட்ரான் வெளிய வராதாம். ரொம்ப நேரம் அடிச்சாக்கூடவா?

ஆமாம், மணிக்கணக்கில் அடித்தாலும். துத்தநாகத்திலிருந்து ஒரு எலக்ட்ரானை வெளியே எடுக்கச் சுமார் 4.3 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். சிவப்பு ஒளி தன் ஆற்றலை 1.8 எலக்ட்ரான்வோல்ட் பொட்டலங்களாகத்தான் தரும், ஒரு எலக்ட்ரான் ஒரு நேரத்தில் ஒரு பொட்டலத்தைத்தான் வாங்கும். பிரகாசத்தைக் கூட்டினால் பொட்டலங்களின் எண்ணிக்கை கூடுமே தவிர, ஒவ்வொன்றின் அளவு கூடாது. புறஊதா ஒளி என்றால் மங்கலாக இருந்தாலும் உடனே வரும். நடுவில் ஒரு சாதாரணக் கண்ணாடித் தகட்டை வைத்தால் நின்றுவிடும், ஏனென்றால் அந்தப் புறஊதாவைக் கண்ணாடி விழுங்கிவிடும். இந்தச் சோதனையைக் காட்டும் ஆசிரியர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

1905ல் ஐன்ஸ்டைன் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. நம்பாதவர்களில் ஒருவர் மேலே சொன்ன அதே மில்லிக்கன். தவறு என்று காட்டக் கிளம்பிப் பல ஆண்டுகள் அளந்து, 1916ல் ஐன்ஸ்டைனின் சமன்பாடு சரி என்று அவரே எண்ணோடு வெளியிட வேண்டியதாயிற்று.

10. கடைசியா சொல்லுங்க, எலக்ட்ரான் அலையா, துகளா? "இரண்டும்"னு சொன்னா எனக்குப் புரியல.

"இரண்டும்" என்று எழுதினால் மார்க் கிடைக்கும், ஆனால் எனக்கும் அந்தப் பதில் பிடிக்காது. நான் சொல்வது இப்படி: எலக்ட்ரான் எங்கே வந்து சேரும் என்பதைத் தீர்மானிப்பது அலையின் கணக்கு, வந்து சேரும்போது வருவது எப்போதும் ஒரு முழு எலக்ட்ரான், முழு மின்னூட்டத்தோடு, ஒரே இடத்தில்.

சான்று இருக்கிறது. 1924ல் லூயி டி பிராய், பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண்ணை உந்தத்தால் (நிறை பெருக்கல் வேகம்) வகுத்தால் பொருளின் அலைநீளம் வரும் என்றார். 1927ல் டேவிசனும் ஜெர்மரும் 54 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான்களை நிக்கல் படிகத்தில் மோதவிட்டு, கணக்கில் வந்த 0.167 நானோமீட்டருக்கு மிக அருகிலேயே அளந்தார்கள். அதே ஆண்டு ஜி.பி. தாம்சனும் மெல்லிய உலோகத் தகட்டில் இதையே காட்டினார். இவர் 2இல் வந்த ஜே.ஜே. தாம்சனின் மகன். அப்பா துகள் என்று காட்டி நோபல் வாங்கினார், மகன் அலை என்று காட்டி வாங்கினார், வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்களோ.

எனக்கு மிகப் பிடித்தது 1989ல் ஜப்பானில் தோனோமுரா குழு செய்தது. மெல்லிய இழை ஒன்றைக் கொண்டு எலக்ட்ரானின் பாதையை இரண்டாக்கி, ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் போகாதபடி அனுப்பினார்கள். திரையில் முதலில் ஒழுங்கே இல்லாமல் புள்ளிகள் விழும். ஆயிரக்கணக்கில் சேர்ந்தபின் பட்டை பட்டையாகக் குறுக்கீட்டுக் கோலம் (இரண்டு அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது வருவது) தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழு எலக்ட்ரான், கோலம் அலையுடையது. அந்தக் காணொளியை ஒருமுறை பார்த்த பிள்ளைகள் இந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில்லை.

11. ரெண்டு துளை வழியாவும் போகுதுன்னா ஒவ்வொன்னுலயும் பாதி சார்ஜா போகுது?

இல்லை. மேலே சொன்ன இழைக்குப் பதில் இரண்டு துளைகளை வைத்தாலும் அதே கதைதான். ஒவ்வொரு துளையிலும் உணர்கருவி வைத்தால் ஒன்றில் முழுசாக வரும், மற்றதில் ஒன்றுமே வராது, பாதி என்று யாரும் பார்த்ததில்லை. இரண்டு வழியாகவும் பரவுவது நிகழ்தகவைத் தரும் அலை. அதன் வர்க்கம்தான் எலக்ட்ரான் அங்கே அகப்படுவதற்கான வாய்ப்பு என்று மாக்ஸ் போர்ன் 1926ல் சொன்னார்.

நல்ல மாணவர்கள் இங்கே விடமாட்டார்கள்: "அணுவைச் சுற்றி மின்னூட்ட மேகம் என்று வேதியியல் புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அது பரவிய சார்ஜ் இல்லையா?" ஸ்ரோடிங்கரே முதலில் அப்படித்தான் நினைத்தார். ஆனால் மின்னூட்டம் உண்மையிலேயே பஞ்சாகப் பரவியிருந்தால் அந்த மேகத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை விலக்கவேண்டும், ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்கள் வேறு எண்ணாக வரவேண்டும். வருவதில்லை. ஹைட்ரஜனில் உள்ள ஒற்றை எலக்ட்ரான் தன்னைத்தானே விலக்கிக்கொள்வதில்லை. மேகம் என்பது எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்பதன் படம்.

12. பார்த்தா கோலம் மறைஞ்சிடும்னு சொல்றாங்க. யார் பார்க்கணும்? கேமரா பார்த்தா ஓகேவா? பூனை பார்த்தா?

யாரும் பார்க்கவேண்டியதில்லை. எந்த வழியில் போனது என்ற தகவல் எங்காவது பதிந்துவிட்டால் போதும், அது ஒரு காற்று மூலக்கூறிலாக இருந்தாலும் சரி. 2004ல் வியன்னாவில் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை வைத்து இதைக் காட்டினார்கள். குளிர்ச்சியாக அனுப்பினால் குறுக்கீட்டுக் கோலம் தெரிந்தது. லேசரால் சூடாக்க ஆக்க, மூலக்கூறு தானாகவே வெப்ப ஒளியை உமிழத் தொடங்கியது, அந்த ஒளியே தகவலை வெளியே கொண்டுபோனது, கோலமும் படிப்படியாக மங்கி மறைந்தது. அந்த ஒளியை ஒருவரும் பிடித்துப் பார்க்கவில்லை. "மனம் நினைத்தால் பொருள் மாறும்" என்று குவாண்டத்தை வைத்து வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் அப்படியே கடந்து போங்கள்.

13. கரு பிளஸ், எலக்ட்ரான் மைனஸ். ஈர்க்கும்தானே? அப்புறம் ஏன் உள்ள விழுந்து ஒட்டிக்கல?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான், அதனால் பொறுமையாகப் படியுங்கள். "சுற்றிக்கொண்டிருப்பதால் விழவில்லை, பூமி சூரியனைச் சுற்றுவது போல" என்ற பதில் போதாது. சுற்றும் மின்னூட்டம் ஒளியாக ஆற்றலை இழக்கும். பழைய இயற்பியல்படி கணக்குப் போட்டால் ஒரு விநாடியின் பத்தாயிரம் கோடியில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் எலக்ட்ரான் கருவில் போய் விழுந்திருக்கவேண்டும்.

விழாததற்குக் காரணம் அலை இயல்பு. அலையைச் சிறிய இடத்தில் அடைத்தால் அலைநீளம் குறையும், அலைநீளம் குறைந்தால் உந்தம் கூடும், இயக்க ஆற்றலும் கூடும். 1927ல் ஹைசன்பர்க் சொன்ன நிச்சயமின்மைக் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது. ஹைட்ரஜனில் இயல்பான அளவில் (0.053 நானோமீட்டர்) இயக்க ஆற்றல் 13.6, ஈர்ப்பால் வரும் நிலை ஆற்றல் −27.2, மொத்தம் −13.6 எலக்ட்ரான்வோல்ட். அணுவைப் பாதி அளவுக்கு நசுக்குங்கள்: ஈர்ப்பு இரு மடங்காகி −54.4, ஆனால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகி 54.4, மொத்தம் பூஜ்ஜியம். நசுக்கியது நஷ்டம். சரி, இரட்டிப்பாக விரியுங்கள்: 3.4 கூட்டல் −13.6, மொத்தம் −10.2. அதுவும் நஷ்டம். ஆக மிகக் குறைந்த ஆற்றல் நடுவில் அந்த 0.053இல்தான் இருக்கிறது, அதற்குக் கீழே இறங்கப் படியே இல்லை, அதனால் ஒளியாக இழக்கவும் ஆற்றல் இல்லை.

கரு அளவுக்கே அடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், இயக்க ஆற்றல் 20 கோடி எலக்ட்ரான்வோல்ட் அளவுக்குப் போய்விடும், ஈர்ப்பு தரக்கூடியது 14 லட்சம் மட்டும். உள்ளே வைத்திருக்கக் கருவுக்குப் பலம் பத்தாது.

14. அப்ப எலக்ட்ரான் கருவுக்குள்ள போகவே போகாதா?

அங்கே தங்காது, ஆனால் அகப்பட வாய்ப்பு உண்டு. மிகக் கீழ்மட்ட எலக்ட்ரானின் அலை கரு இருக்கும் இடத்திலும் பூஜ்ஜியம் இல்லை. சில கருக்களுக்கு ஒரு எலக்ட்ரானை விழுங்கினால் மொத்த ஆற்றல் குறையும் என்ற நிலை இருக்கும், அவை விழுங்கியும்விடும். நம் உடம்பில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியம்-40 அப்படித்தான்: அதன் சிதைவுகளில் சுமார் 11 விழுக்காடு இந்த வழியில் ஆர்கான்-40 ஆகிறது. இதைப் படிக்கும் உங்கள் உடம்புக்குள் விநாடிக்குச் சில நூறு முறை நடந்துகொண்டிருக்கிறது. ஹைட்ரஜனுக்கு இது கட்டுப்படியாகாது, ஏனென்றால் புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்த நிறையைவிட நியூட்ரானின் நிறை அதிகம்.

15. தேர்வுல போர் வட்டம் வரையணுமா, மேகம் வரையணுமா?

உயர்நிலைப் பள்ளி என்றால் கேட்டபடி வட்டம். 1913ல் நீல்ஸ் போர் சொன்ன வட்டப்பாதை தவறான படம்தான், ஆனால் ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களைச் சரியாகத் தருகிறது. மட்டங்களை நம்புங்கள், பாதையை நம்பாதீர்கள்.

16. அணுவுக்குள்ள பெரும்பாலும் வெற்றிடம்னா, நான் நாற்காலிக்குள்ள ஏன் விழல?

"எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால்" என்பது பாதிப் பதில். 5இல் பார்த்தபடி அணுக்கள் மொத்தத்தில் நடுநிலை, விலக்கும் அளவுக்கு ஈர்ப்பும் இருக்கிறது. மீதிப் பாதி, 1925ல் பவுலி சொன்ன விதி: இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது. இரண்டு பொருள்களின் எலக்ட்ரான் மேகங்களை ஒன்றின் மேல் ஒன்று திணித்தால், கீழ்நிலைகள் நிரம்பியிருப்பதால் மேல்நிலைக்குத்தான் போகவேண்டும், அதற்கு ஆற்றல் வேண்டும். அதுதான் நாற்காலியின் எதிர்ப்பாக நமக்குத் தெரிகிறது. பவுலி விதி இல்லாமல் திடப்பொருள் இந்தப் பருமனோடு நிற்காது என்பதை டைசனும் லெனார்டும் 1967ல் கணித முறையில் நிறுவினார்கள். 4இல் செம்புக்குள் எலக்ட்ரான்கள் பாய்கின்றன என்றேனே, அதுவும் இதனால்தான்: மெதுவான நிலைகள் எல்லாம் நிரம்பிவிட்டன.

இதே விதி ஒரு நட்சத்திரத்தையும் தாங்கும். 1928ல் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது மாநிலக் கல்லூரி மாணவரான சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரைப் போய்ப் பார்த்து, எலக்ட்ரான்களின் புதிய குவாண்டம் புள்ளியியலைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1930ல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் அந்த இளைஞர் போட்ட கணக்குதான், வெண்குறு விண்மீனை (எரிந்து முடிந்து சுருங்கிப்போன நட்சத்திரத்தை) எலக்ட்ரான்கள் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறை வரைதான் தாங்கும் என்ற எல்லைக்கு வழி காட்டியது. 1983ல் நோபல் பரிசு கிடைத்தது.

17. டனலிங்னு ஒண்ணு இருக்காமே. திரும்பத் திரும்ப மோதினா நானும் சுவரைத் தாண்டிப் போகலாமா?

தாண்டப் போதிய ஆற்றல் இல்லாத தடையையும் துகள் சில நேரம் ஊடுருவி மறுபக்கம் போய்விடுவதுதான் டனலிங். வாய்ப்பு பூஜ்ஜியம் இல்லை என்று சொன்னால் பிள்ளைகள் குதிக்கிறார்கள், அதனால் நான் நேராக "முடியாது" என்றே சொல்லிவிடுவேன். தடையின் தடிமனும் துகளின் நிறையும் கூடக் கூட வாய்ப்பு படுபயங்கரமாகக் குறையும், பிரபஞ்சத்தின் வயது முழுக்க மோதினாலும் உங்களுக்கு நடக்காது. எலக்ட்ரானுக்கு, அதுவும் சில நானோமீட்டர் தடைக்கு, தினமும் நடக்கிறது. தம்ப்டிரைவில் நீங்கள் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களை மெல்லிய ஆக்சைடு அடுக்கின் ஊடாக இப்படித்தான் உள்ளே அனுப்புகிறார்கள். மின்னழுத்தம் இல்லாதபோது அவை ஆண்டுக்கணக்கில் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். வீட்டுப்பாடம் என்று நீங்கள் சேமித்தது எல்லாம் அடைபட்ட மின்னூட்டம்தான்.

சூரியனும் இதை நம்பித்தான் எரிகிறது. மையத்தில் 1.5 கோடி டிகிரி இருந்தாலும் புரோட்டான்களின் சராசரி ஆற்றல், ஒன்றையொன்று விலக்கும் தடையைத் தாண்டத் தேவையானதில் சில நூறில் ஒரு பங்குதான். டனலிங் இல்லையென்றால் அந்த வெப்பம் பத்தாது.

18. எந்த சைஸ்ல குவாண்டம் நின்னு சாதாரண இயற்பியல் ஆரம்பிக்குது?

அப்படி ஒரு கோடு கிடையாது. 1999ல் வியன்னாவில் 60 கார்பன் அணு மூலக்கூறு அலையாக நடந்ததைக் காட்டினார்கள், 2019ல் சுமார் 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளிலும் பார்த்தார்கள். 160 கிராம் கிரிக்கெட் பந்து விநாடிக்கு 40 மீட்டரில் போனால் அலைநீளம் 10⁻³⁴ மீட்டர், அதைக் காட்டும் துளை எதுவும் இல்லை. அதோடு 12இல் சொன்னபடி பந்து காற்றோடும் ஒளியோடும் இடைவிடாமல் தகவலைப் பரிமாறிக்கொண்டே இருக்கிறது.

19. தம்பி, பிள்ளை இதைத்தான் படிப்பேன்னு நிக்குது. சிங்கப்பூர்ல இதுக்கு வேலை இருக்கா?

ஒரு அம்மா கேட்டது. இருக்கிறது, அக்கா. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் 2007 முதல் இயங்குகிறது. அவர்கள் செய்த ஸ்பூக்கி-1 என்ற மூன்று கிலோவுக்கும் குறைந்த செயற்கைக்கோள் 2019ல் விண்ணுக்குப் போய், அங்கே பின்னிய ஃபோட்டான் ஜோடிகளை (9இல் பார்த்த ஒளிப் பொட்டலங்கள்தான் ஃபோட்டான்கள், இங்கே இரண்டின் குவாண்டம் நிலையும் ஒன்றாகப் பிணைந்திருக்கும்) உருவாக்கிக் காட்டியது. சில்லுத் தயாரிப்புத் தொழிற்சாலைகளும் இங்கே உண்டு, அங்கே இந்தப் பக்கத்தில் உள்ள பாதி விஷயம் அன்றாட வேலை. கணக்கில் பிள்ளை பலமா என்பதை மட்டும் பாருங்கள்.

20. நீங்க 7ல முழுசுதான் வரும்னீங்க. ஆனா ஒரு பொருளுக்குள்ள மூணுல ஒரு பங்கு சார்ஜ் அளந்திருக்காங்கன்னு படிச்சேன்!

தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி, சரியாகப் பிடித்தாள். 1982ல் சூயியும் ஸ்டோர்மரும் மிகக் குளிர்ந்த, மெல்லிய அடுக்கில் அடைபட்ட எலக்ட்ரான்களைப் பலமான காந்தப்புலத்தில் வைத்தபோது பின்ன எண்கள் வந்தன. அடுத்த ஆண்டு லாஃப்லின் விளக்கம் கொடுத்தார்: எலக்ட்ரான் எதுவும் உடையவில்லை. கோடிக்கணக்கான எலக்ட்ரான்கள் சேர்ந்து ஆடும்போது அந்தக் கூட்டத்தில் எழும் ஒரு கலக்கம், மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டமுள்ள துகள் போலவே நடந்துகொள்கிறது. 1997ல் மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்து அந்த மூன்றில் ஒன்றை நேராகவே பார்த்தார்கள். ஆனால் அந்தக் கலக்கத்தைப் பொருளுக்கு வெளியே எடுத்து மில்லிக்கனின் எண்ணெய்த் துளியில் ஏற்ற முடியாது. கம்பி வழியாக வெளியே வரும்போது முழு எலக்ட்ரானாகத்தான் வரும்.

21. எலக்ட்ரானும் புரோட்டானும் வேற வேற துகள். சார்ஜ் மட்டும் எப்படி அச்சு அசல் சமமா இருக்கு?

5இல் கடன் வைத்த கேள்வி. இன்னும் முடிவான பதில் இல்லை, இரண்டு நல்ல துப்புகள் உண்டு. முதலாவது, துகள்களின் இப்போதைய கோட்பாடு உள்முரணில்லாமல் இருக்கவேண்டும் என்றால் குவார்க்குகளின் மின்னூட்டமும் எலக்ட்ரான், நியூட்ரினோவின் மின்னூட்டமும் குறிப்பிட்ட வகையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவேண்டும், +2/3, −1/3, −1, 0 என்ற எண்கள் அதற்குச் சரியாகப் பொருந்துகின்றன. ஆனால் அந்த நிபந்தனை மட்டுமே இந்த எண்களைக் கட்டாயமாக்கிவிடுமா என்பது கோட்பாட்டில் வேறு என்னென்ன சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது, 1931ல் பால் டிராக் சொன்னது. வடமுனை மட்டும் தனியாக உள்ள ஒரு காந்தத் துகள், பிரபஞ்சத்தில் எங்காவது ஒன்றே ஒன்று இருந்தால்கூட, குவாண்டம் விதிகளின்படி எல்லா மின்னூட்டமும் ஒரே அளவின் முழு மடங்காகத்தான் இருந்தாகவேண்டும். கணக்கு அவ்வளவு அழகு. தேடிக்கொண்டே இருக்கிறார்கள், இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.